கம்சலா பார்த்த கடல்

கம்சலாவுக்கு எதையும் தன் கண்ணால் பார்க்காவிட்டால் மனசு ஆறாது. இலங்கை மலைநாட்டில், பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறியதும் தொட்டில் பிள்ளைகளும் தவழும் பிள்ளைகளுமாக ஒரு பட்டாளம் அவள் தலையில் விழும். தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிறதா என்று குனிந்து வயிற்றைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு நகர்ந்தவள் உடனே திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பாள். சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு லயத்து வீட்டுக்குப் பாதி வழி இறங்கியவள், பூட்டை இழுத்துப் பார்க்கவென்றே திரும்ப ஏறுவாள். “எம் மகனுக்குப் பதிலா அந்தப் பூட்டுக்கே இவளக் கட்டி வச்சிருக்கலாம்” என்பாள் மாமியார் சரஸ்வதி.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனுக்கோ ஏழு கடல் தாண்டி வேலை. அதுவும் கடலுக்குள்ளேயே வேலை.

இந்திரஜித் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். கொரியப் பாஷைப் பரீட்சை எழுதிப் பாஸாகி, கொரியாவில் கப்பல் திருத்தும் கம்பெனி ஒன்றுக்குப் போனான். போய்ச் சில மாதங்களில் கம்பெனி அவனைக் கடலோரத்து மின்நிலையம் ஒன்றுக்கு அனுப்பியது. அங்கே எண்ணெயும் இல்லை, கரியும் இல்லை. கடலின் வற்றுப்பெருக்கிலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள்.

அவன் வேலை முடிந்து ஃபோன் எடுக்கும் நேரம் இங்கே பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கும் நேரம். அதனால் அவர்களுடைய குடும்பம் முழுக்க முழுக்கக் குசுகுசுப்பிலேயே நடந்தது. கொஞ்சலும் குசுகுசு, சண்டையும் குசுகுசு.

“கடல் எப்புடிங்க கரண்ட் குடுக்கும்?” என்று கேட்டாள்.

“நம்ம பெக்டரிக்குப் பின்னால பழைய டர்பைன் கெடக்குல்ல? மேல இருந்து ஓடத்தண்ணி பைப்புல வந்து அதச் சுத்தும்னு சொல்வாங்கல்ல? அதேதான். இங்க ஓடைக்குப் பதிலா கடலு. கடல மறிச்சுப் பெரிய செவுரு கட்டியிருக்கான். கடல் ஏறுறப்ப தண்ணி உள்ள பாஞ்சு டர்பைனச் சுத்தும். வத்துறப்ப உள்ள நிக்கிற தண்ணி வெளிய ஓடும், அப்பவும் சுத்தும். நாளைக்கு ரெண்டு தரம் ஏறும், ரெண்டு தரம் வத்தும்.”

“அதுல நீங்க என்னா செய்றீங்க?”

“டர்பைன் இருக்கிற காம்பராவ அடைச்சு, தண்ணிய எறைச்சிட்டு உள்ள எறங்குவோம். செவுத்துல சிப்பி புடிச்சிருக்கும், சொரண்டணும். துருப்புடிச்ச எடத்துல வெல்டிங் அடிக்கணும்.”

அவள் காதில் ஏறியது ‘உள்ள எறங்குவோம்’ என்பது மட்டும்தான்.

“மேலால அடைச்சிட்டுத்தானே எறங்குவீங்க?”

மலையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் மேலிருந்து வருவது. மேலே அடைத்துவிட்டால் கீழே பயமில்லை. தோட்டத்தையே அவர்கள் மேட்டுப் பக்கத்தை மேக்கணக்கு என்றும் பள்ளத்துப் பக்கத்தைப் பணியக்கணக்கு என்றும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். இந்திரஜித் சிரித்தான்.

“கடலுக்கு ஏது புள்ள மேக்கணக்கு, பணியக்கணக்கு? காலையில மேல நிக்கிற தண்ணி அந்தியில பணிய நிக்கும். அதனால ரெண்டு பக்கமும் அடைக்கணும். கடல் பக்கம் ஒரு கதவு, உள்பக்கம் ஒரு கதவு. பெரிய இரும்புக் கதவு, பயப்படாத.”

“எம்புட்டு ஒசரம் ஏறும்?”

“நம்ம பெக்டரி மேமாடி ஜன்னல் வரைக்கும் வரும்.”

பயப்படாதே என்று சொல்லிவிட்டு இதையும் சொன்னால் அவள் என்னதான் செய்வாள்? அன்றிலிருந்து அந்த இரண்டு கதவுகளும் கம்சலாவின் நெஞ்சுக்குள் வந்து நின்றுகொண்டன. எவன் பூட்டுகிறான்? பூட்டியவன் சரியாகப் பூட்டினானா? பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது கை பாதியில் நிற்கும், பிள்ளை வாயைத் திறந்தபடி காத்திருக்கும். மழை பெய்து ஓடை இரைந்தால் எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்ப்பாள். ஒருநாள் ஃபோன் வராவிட்டால் அன்றைக்கு ஃபோனைக் கையை விட்டுக் கீழே வைக்கமாட்டாள். யூடியூப்பில் தேடிப் பார்த்தாள். கடல் ஏறுவதும் இறங்குவதும் அதில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில்தான் சாமி சிலைகூடக் கண்ணைச் சிமிட்டுகிறதே! அதை நம்பி என்ன பிரயோசனம்?

அடுத்த அறையில் முன்பள்ளி நடத்தும் றுமைஸா டீச்சர் அவள் படும் பாட்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். பசறையில் கல்யாணம் முடித்தவர், தாய்வீடு கடலோரத்துப் பொத்துவிலில். “நீங்க கடலையே காணாம கடலுக்குப் பயந்து சாகிறீங்க கம்சலா. பௌர்ணமிப் போயா லீவுக்கு என்னோட வாங்க. ஒருக்காக் கண்டா பயம் போயிடும்” என்று கூட்டிக்கொண்டு போனார்.

மொனராகலை தாண்டி பஸ் சமதரையில் ஓடத் தொடங்கியபோதே கம்சலா ஜன்னல் வழியே கடலைத் தேடினாள். கடலைக் கண்டதும் டீச்சருக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஆனாலும் வந்த காரியத்தை அவள் மறக்கவில்லை. அலை நனைத்துவிட்டுப் போகும் விளிம்பில் ஒரு செருப்பைக் கழற்றி வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வெயில் ஏறியது, றுமைஸாவின் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, வெயில் சாய்ந்தது. கடல் அவள் செருப்பைக் கொஞ்சம் நனைத்தது. அவ்வளவுதான்.

றுமைஸாவின் வாப்பா ஸனூஸ் இளம் வயதில் கடலுக்குப் போனவர். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார்.

“வாப்பா, கடல் எப்ப வத்தும்?” கம்சலா கேட்டாள்.

“வத்தித்தான் மகள் இரிந்திச்சி. இப்ப பெருகுது.”

“இதுவா பெருக்கு?”

“இஞ்ச இவ்வளவுதான். ஒரு முழம் ஏறும், ஒரு முழம் எறங்கும். நம்மட கடல் எங்கயும் போறல்ல.”

“மாடி ஒசரத்துக்கு ஏறாதா?”

அவர் கோப்பையை வாயிலிருந்து எடுத்தார். “அது சுனாமி, மகள்” என்றார்.

மாடி உயரத்துக்குக் கடல் ஏறி அவர் தன் ஆயுளில் கண்டது ஒரே ஒரு தரம். அப்படிக் கண்ட மனிதர் அவள் கண் முன்னால் நிற்கிறார். இந்திரஜித்தின் கடலோ நாளைக்கு இரண்டு தரம் ஏறுகிறதாம்!

திரும்பும் பஸ்ஸில் கம்சலா நனைந்த செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். றுமைஸா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்த நாட்டுல வேற மாதிரி இரிக்கும் கம்சலா” என்றார்.

“கடல் எல்லாம் ஒரே தண்ணிதானே டீச்சர்? சுத்திச் சுத்தி ஒண்ணுக்குள்ள ஒண்ணுதானே ஓடுது? அங்க மட்டும் எப்புடி மாடி ஒசரம் ஏறும்?”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடக்கிவிட்டோம் என்ற சந்தோஷம் கம்சலாவுக்கு ஒரு வளைவு வரைக்கும்தான் இருந்தது. அவன் சொன்னது பொய் என்றால், எதற்காகப் பொய் சொல்கிறான்? வேலையிடத்தில் ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்கிறானே, ஏன்? முன்பு ஒரு படம் அனுப்பினான். கண்ணுக்கு எட்டியவரை சேறு, சேற்றில் சாய்ந்து கிடக்கும் வள்ளங்கள். கடல் எங்கே என்று கேட்டதற்கு, போயிருக்கு, வந்துவிடும் என்றான். அவளும் மண்டையை மண்டையை ஆட்டினாள். வெளிநாடு போய் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிற ஆம்பிளைகளின் கதை தோட்டத்தில் எத்தனை இல்லை! நமுனுகுல மலையைப் பஸ் சுற்றி ஏற ஏற, அந்த இன்னொருத்திக்கு முகமும் வந்தது, கொரியச் சமையலறையும் வந்தது. பயத்துக்கு மேல் இது வேறு.

மறுநாள் ஃபோன் வந்தது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க எங்க இருக்கீங்க? உண்மையச் சொல்லுங்க.”

“என்னா புள்ள கேக்குற? ரூம்லதான்.”

“யார் ரூம்ல?”

அவள் பொத்துவில் கதையைப் பல்லைக் கடித்துக்கொண்டு குசுகுசுவென்று கொட்டித் தீர்த்தாள். அவன் முதலில் சிரித்தான். சிரித்ததுதான் தப்பு.

“சிரிக்காதீங்க. கடல் ஒரு முழந்தான் ஏறும். நான் நேர்ல பாத்தேன். மாடி ஒசரத்துக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம். யாருங்க அவ?”

“உசிரக் குடுத்து வேல செஞ்சிட்டு வந்து கெடக்கேன், நீ என்னா பேசுற!” என்றவன் ஃபோனை வைத்துவிட்டான். இவளால் அழக்கூட முடியவில்லை. அழுதால் பிள்ளைகள் எழுந்துவிடும்.

அதன்பிறகு ஃபோன் வரவில்லை. நாள் போகப் போக அவளுக்கு இரண்டு பயமும் மாறி மாறி வந்தன. அந்த இன்னொருத்தியோடு இருக்கிறான், அதனால்தான் எடுக்கவில்லை என்று ஒரு மனம் பொருமியது. கதவு திறந்துகொண்டது, அதனால்தான் எடுக்கவில்லை என்று இன்னொரு மனம் நடுங்கியது. எதை வேண்டிக் கும்பிடுவது என்று தெரியாமல் மாரியம்மன் கோயில் வாசலில் சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் வீடியோ ஒன்று வந்தது. பிள்ளைகள் தூங்கட்டும் என்று காத்திருந்து, சத்தத்தைக் குறைத்து, ஃபோனைக் காதோடும் கண்ணோடும் ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

முதலில் சேறும் வள்ளங்களும். மறுபடி அதே இடம், அதே சிவப்பு வள்ளம், ஆனால் இப்போது தண்ணீரில் மிதக்கிறது. சேறு இருந்த இடம் முழுக்கக் கடல். பிறகு படம் இருண்டு ஆடியது. தலைவிளக்கு வெளிச்சத்தில் ஈரச் சுவர்கள். இந்திரஜித்தின் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. “ஃபோன ஒளிச்சுத்தான் கொண்டாந்தேன், மாட்டுனா வேல போயிடும். இந்தா பாத்துக்க. இதான் டர்பைன்.” தோட்டத்துக் கோயிலை விடப் பெரிய இரும்பு இலைகள். “இந்தா, செவுத்துல கோடு தெரியுதா? தண்ணி அது வரைக்கும் நிக்கும்.” வெளிச்சம் ஏறியது, ஏறியது, இன்னும் ஏறியது. அவள் கழுத்தைத் தன்னை அறியாமல் நிமிர்த்தினாள். “இதான் கடல் பக்கத்துக் கதவு. வெளிய இப்ப கடல் ஏறிக்கிட்டிருக்கு.” அவன் கை வந்து கதவைத் தட்டியது. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். வெறும் இரும்பைத் தட்டினால் கணீரென்று கேட்கும். இது நிறைந்த தண்ணீர்த் தாங்கியைத் தட்டினது போல ‘தொம்’ என்றது. கதவின் ஓரத்தில் ஒரு கசிவு, நூல் போலச் சுவரில் வழிந்து அவன் பூட்ஸுக்கு அடியில் ஓடியது. “இது சும்மா கசிவு, பம்பு எறைச்சிரும். இப்ப நம்புறியா?”

வெளியே வந்த பிறகுதான் இதை அனுப்பியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும், “வெளிய வாங்க, வெளிய வாங்க” என்று ஃபோனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். நாளைக்கும் இறங்குவான். நாளை மறுநாளும் இறங்குவான்.

முன்பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்த றுமைஸா அவளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தார்.

“பாத்தீங்களா, பாவம் மனிசன் உண்மையத்தானே சொல்லியிரிக்காரு. இனி நிம்மதியா இரிங்க.”

கம்சலா வீடியோவை மறுபடி முதலிலிருந்து தட்டினாள். கண்ணீர் ஃபோன் மேலேயே விழுந்தது. பிள்ளைகள் எழுந்துவிடாமல் மெல்லச் சொன்னாள்.

“பொய்யாவே இருந்திருக்கலாம் டீச்சர். எவளோடயாவது இருந்திருந்தாக்கூட, காஞ்ச தரையில இருந்திருப்பாரு.”