கல்யாண ஓலையும் பூனைப்படையும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஆறு காம்பரா, ஆறு குடும்பம். ஒரே கூரை. காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழத்துக்கு வெறும் இடைவெளி. முதல் காம்பராவில் மிளகாய் வறுத்தால் கடைசிக் காம்பராவில் தும்முவார்கள். அந்த இடைவெளியில்தான் பூனையின் போக்குவரத்து. காலையில் ஒரு வீட்டில் ரொட்டித் துண்டு, மத்தியானம் இன்னொரு வீட்டில் மீன்தலை, படுப்பதற்கு எந்த வீட்டில் துணி மடித்து வைத்திருக்கிறதோ அந்த வீடு. எலி பிடித்த அன்றைக்கு அது எல்லோருடைய பூனை. பால் சட்டியைக் கவிழ்த்த அன்றைக்கு அதை யாருக்கும் தெரியாது.

முதலில் அதன் காதோரம் மயிர் கொட்டியது. எங்கேயோ சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறது என்று விட்டுவிட்டோம். கொஞ்ச நாள் போக என் இடுப்பில், சேலை சொருகுகிற இடத்துக்கு மேலே, வட்டமாகச் சிவந்தது. ஓரம் தடித்து, நடுவில் வெளுத்து, அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பில் வந்ததைப் போய் யாரிடம் சொல்வது? நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்டுக் குடிக்கவே கூசுகிறவள் நான். அஞ்சாம் வகுப்போடு கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன். அங்கே பேசுவதற்கு ஆட்கள் நிறைய இருந்தார்கள், வேலையிலிருந்து நிற்கிற வரைக்கும் நான் கொழுந்தை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும் வந்தது. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை கொஸ்லந்தப் பக்கம். எங்கள் கத்தோலிக்க வேதக்காரர்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் வாசிக்கும்போது கோயிலே திரும்பிப் பொண்ணைப் பார்க்கும். முதல் ஓலை வாசிக்க இருந்த கிழமையில் பிள்ளையின் கழுத்தில், காதுக்குக் கீழே, வட்டமாக ஒன்று. கையில் இன்னொன்று.

அவளுடைய அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டாள்.

"பெரியம்மா, இங்க வந்து இதப் பாருங்க. என்னா கருமம் இது?"

போய்ப் பார்த்தேன். "படை மாதிரி இருக்கு."

"மெல்லப் பேசுங்க! மாப்பிள்ள ஊட்டுக் காதுல விழுந்தா குஷ்டம்னு சொல்லிருவாங்க. மாப்பிள்ளையோட அம்மா ஏற்கனவே பொண்ணு நெறம் பத்தாதுன்னு மூக்கச் சுழிச்சவங்க."

அவள் பயந்ததில் தப்பில்லை. கீழ் லயத்தில் ஒரு பிள்ளைக்கு முழங்காலில் வெள்ளைத் தழும்பு இருக்கிறதென்று யாரோ சொல்லி, நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றுபோனது. அந்தத் தழும்பு கொதிதண்ணி கொட்டி வந்தது. யார் கேட்டார்கள்?

பிள்ளையின் அம்மா பதுளை டவுனுக்கு ஓடி மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கி வந்தாள். கடைக்காரர் பிள்ளையைப் பார்க்கவுமில்லை, என்ன ஏது என்று விசாரிக்கவுமில்லை. அரிப்பா என்று கேட்டுக் கையில் கொடுத்துவிட்டார். பூசினதும் படை மங்கிவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. டியூப் சுவருக்கு மேலாகக் கைமாறியது. நானும் பூசினேன். கடைசிக் காம்பரா அண்ணன் தன் தொடையில் வந்ததற்குப் பூசினார். மிச்சத்தைப் பூனையின் காதில் தேய்த்தார்கள், பூனை நக்கித் தின்றது. முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. அடுத்த கிழமையே போன படை திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிதாக, பக்கத்தில் குட்டிகளோடு.

இஸ்தோப்புத் திண்ணையில் கூடி நின்று எல்லோரும் பூனையைத் திட்டினார்கள்.

கடைசிக் காம்பரா அண்ணன் சொன்னார்: "சாக்குல போட்டு மொனராகல பஸ்ஸுல ஏத்தி விடுங்க. அந்த வெயிலுக்குப் பூனையும் காஞ்சிரும், படையும் காஞ்சிரும்."

"அப்பிடியே செய்யுங்கண்ணே," என்றாள் பிள்ளையின் அம்மா. "எம் பிள்ளைக்கு இந்தக் கல்யாணம் நின்னுச்சுன்னா நான் மலையிலேருந்து குதிச்சிருவேன்."

"பூனைய அனுப்பிட்டா கழுத்துல இருக்கிறது போயிருமா?" என்றேன். எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது. "டொக்டர்கிட்ட காட்டுவோம்."

"யாரு கொண்டு போறது?"

ஒருத்திக்குப் பெரட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். ஒருத்தியின் பிள்ளைக்குப் பரீட்சை. அண்ணனுக்குக் கால் வலி, ஆனால் சாராயத் தவறணைக்குப் போகும்போது அந்த வலி வீட்டிலேயே இருந்துவிடும்.

"நீங்க சும்மாதானே இருக்கீங்க, பெரியம்மா."

சும்மாவாம். மழை வந்தால் ஆறு வீட்டுத் துணியையும் எடுக்கிறது யார்? பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறது யார்? இதையெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பூனையைப் பிடித்துக் கோதுமை மாப்பையில் போட்டு, மூச்சுக்கு ஓட்டை வைத்துக் கட்டி, பதுளை பஸ்ஸில் ஏறினேன்.

கண்டக்டர் கேட்டான், "பையில என்னாது அம்மா?"

"மரக்கறி," என்றேன்.

அடுத்த வளைவில் மரக்கறி கத்தியது. பஸ்ஸே சிரித்தது. இறங்குகிற வரைக்கும் முக்காட்டை இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன். பூனை மடியிலேயே மூத்திரமும் பெய்தது.

மிருக வைத்தியர் சின்ன வயதுப் பெண், சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். அறையை இருட்டாக்கி ஒரு நீல விளக்கைப் பூனையின் காதில் அடித்தார். மயிரெல்லாம் பச்சையாக மினுங்கியது. முதுகிலும் வாலிலும்கூட மினுங்கியது. மயிர் கொட்டாத இடத்திலும் இருக்கிறதே என்று எனக்குப் பகீரென்றது.

"இது படைதான் அம்மா. உங்களுக்கும் இருக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன். காட்டுங்கள் என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். நல்லவேளை கேட்கவில்லை. என்ன பூசினீர்கள் என்று கேட்டார். டியூப்பைக் காட்டினேன்.

"இத வீசுங்க. இது போட்டா மேலுக்கு மறையும், பிறகு இன்னும் பெருசா வரும். மனுசருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில தோல் டொக்டர் இருக்கு, எல்லாரும் அங்க போங்க. எல்லாரும் ஒரே நேரம் மருந்து போடணும். பூனைய ஒரு அறையில அடைச்சு வைங்க. மருந்துத் தண்ணியில குளிப்பாட்டுங்க. துணியெல்லாம் சுடுதண்ணியில அலசி நல்ல வெயில்ல போடுங்க. மயிர் முளைச்சிட்டுதுன்னு விடக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் செய்யணும்."

ஒரு அறையில் அடைக்க வேண்டுமாம். எங்களுக்கு இருப்பதே ஒரு அறை, அதற்கும் சுவர் முழுதாக இல்லை. வெயிலுக்கு நான் எங்கே போவேன்? எங்கள் பக்கத்து மார்கழியை டொக்டர் மிஸ் பார்த்ததில்லை போல.

வந்து உர பேக்குகளைச் சேர்த்துத் தைத்து, மேலே இடைவெளியை இரண்டு பக்கமும் அடைத்தேன். பூனை உள்ளே. அது கத்திய கத்தில் லயமே என் கதவுக்கு வந்தது. மொனராகலைக்கு ஏற்றி விடச் சொன்ன அதே ஆட்கள்.

"பாவம், வாயில்லாச் சீவன். இப்பிடி அடைச்சு வைக்கலாமா?" இது அண்ணன்.

"தொறந்து விடுங்க பெரியம்மா, காது வலிக்குது." இது இன்னொருத்தி.

ஒருவர் ஜன்னல் கம்பி வழியாக மீன் போட்டார். இன்னொருத்தர் உர பேக்கில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார், பூனையைத் தடவிக் கொடுக்கிறதுக்காம். குளிப்பாட்டும்போது காலைப் பிடிக்கக் கூப்பிட்டால் மட்டும் ஒரு ஆளைக் காணவில்லை. என் இரண்டு கையிலும் கீறல்.

ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போக நாயாய் அலைந்தேன். அவளுடைய அம்மாவுக்கு அங்கே யாராவது கொஸ்லந்த ஆள் பார்த்துவிடுவாரோ என்று பயம். ஒருவழியாகப் போனோம், மருந்து கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனால் புதிதாக ஒன்று அவள் தாடைக்குக் கீழே வந்தது. எப்படி வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

ஒருநாள் பீலித் தண்ணீரில் துணி அலசிவிட்டு வந்து கதவைத் திறக்கிறேன், கல்யாணப் பொண்ணு என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பூனை. பூனையின் தலையில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள்.

"அடியே, ஒனக்கு அறிவிருக்கா?"

"கத்தாதீங்க அம்மாயி. அம்மா கொழுந்துக்குப் போயிருக்கு."

"ஒன் கழுத்துக்காகத்தாண்டி நான் இந்தச் சனியன அடைச்சு வச்சிருக்கேன்!"

"மாப்பிள்ள ஊட்டுல பூனையே கிடையாதாம். நாய்தானாம்." கண்ணைத் துடைத்தாள். "நீங்க மட்டும் மடியில வச்சிருக்கீங்க."

"மருந்து குடுக்க வச்சிருக்கேன்டி!"

எத்தனை நாளாக வருகிறாள் என்று கேட்டால் பூனையின் காதைத் தடவுகிறாள். அவளுடைய அம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே பூனை பஸ்ஸில் போகும். சொல்லாமல் விட்டேன். எங்கே போனாலும் கதவுக்குப் பூட்டுப் போட ஆரம்பித்தேன். என் வாழ்நாளில் லயத்துக் கதவைப் பகலில் பூட்டினது அப்போதுதான்.

இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை இரண்டுக்கும் பிள்ளை கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு போனாள். குளிர் என்று சொன்னோம். மூன்றாம் ஓலை முடிந்து சில நாளில் மாப்பிள்ளையின் அம்மா கூறைச்சேலையைக் கொண்டுவந்தார். கூட இரண்டு பெண்கள், மாப்பிள்ளையின் தாய்மாமன். பிள்ளையின் கழுத்தில் அவளுடைய அம்மா பவுடரை அப்பியிருந்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. நான் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சேலையைத் தோளில் வைத்துப் பார்க்கிறேன் என்று அந்தம்மா கிட்டே வந்தார். பவுடரில் விரலை வைத்தார்.

"என்னாம்மா இது கழுத்துல?"

"கொசு கடிச்சதுங்க," என்றாள் பிள்ளையின் அம்மா.

"கொசு வட்டம் போட்டுக் கடிக்குமா?"

அந்தம்மா சேலையை மடித்தார். மடித்ததைப் பைக்குள் வைத்தார்.

"ஓல வாசிச்சு முடியிற வரைக்கும் ஒளிச்சு வச்சிருக்கீங்க. இன்னும் என்னென்ன வியாதி இருக்கோ இந்தக் குடும்பத்துல."

பிள்ளை தலையைக் குனிந்தாள். பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். ஊரையே வாயால் அளக்கிறவள், வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்ச நஞ்சமில்லை. இவ்வளவு நாள் என்னைப் படுத்தின பாட்டுக்கு, பேச வேண்டிய நேரத்தில் ஊமையாக நிற்கிறாளே.

தட்டைக் கீழே வைத்தேன்.

"பூனைப்படைங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

"என்னா?"

வாயால் விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. சேலையை இடுப்பிலிருந்து இழுத்துக் காட்டினேன். தாய்மாமன் கதவு நிலையில் நிற்கிறார் என்பதும் தெரியும். அவர் சட்டென்று மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"எனக்கும் இருக்கு. பாருங்க, இதே வட்டம். பூனைகிட்டேருந்து வந்தது. பதுளையில டொக்டர்கிட்ட காட்டியாச்சு, மருந்து போடுறோம், காயுது. பரம்பர வியாதி இல்லீங்க. பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல."

"யாரு பூனை?"

எல்லோரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். அப்போதும்.

"என் பூனை," என்றேன்.

வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கடைசிக் காம்பரா அண்ணனுக்கு அப்போதுதான் ரோசம் வந்தது. "எனக்கும் இருக்குங்க!" என்று உள்ளே வந்து சாரத்தைத் தூக்கப் போனார்.

"ஐயோ அண்ணே, நீங்க காட்ட வேணாம்!" என்று பிள்ளையின் அம்மா அலறினாள்.

கூட வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, என் இடுப்பையும் பிள்ளையின் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். டொக்டர் சீட்டைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சேலையை வெளியே எடுத்தார்.

"பூனைய மட்டும் சீதனமா அனுப்பிராதீங்க," என்றார். தேத்தண்ணியை உட்காராமல் நின்றுகொண்டே குடித்தார்.

கல்யாணம் நடந்தது. கழுத்தில் லேசான தழும்புதான் இருந்தது. படம் எடுத்தவர் பிள்ளையை அந்தப் பக்கமே திருப்பவில்லை. கொஸ்லந்தைக்குப் போய்விட்டாள். போன் எடுத்தால் முதலில் அவளுடைய அம்மாவைக் கேட்பதில்லை. "அம்மாயி, பூனையக் காட்டுங்க," என்கிறாள். போனைக் காட்டினால் அது பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகிறது.

இப்போது லயத்தில் யாரும் "பூனை" என்று சொல்வதில்லை. "ஒங்க பூனை" என்கிறார்கள். "பெரியம்மா, ஒங்க பூனை எங்க நெத்தலியத் தின்னுருச்சு." "ஒங்க பூனை எங்க அடுப்புக்கு மேல அட்டல்ல குட்டி போடப் பாக்குது." என் வாயால் அன்றைக்குச் சொன்னதை எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நெத்தலிக்கு நான் பதில் சொல்கிறேன். கவிழ்த்த பாலுக்கு நான் பதில் சொல்கிறேன். சாப்பாடு மட்டும் அது ஆறு வீட்டிலும் சாப்பிடுகிறது.

காதில் மயிர் முளைத்துவிட்டது. என் இடுப்பும் சுகம். ஆனால் இன்னும் கொஞ்ச நாள் குளிப்பாட்டச் சொல்லியிருக்கிறார் டொக்டர் மிஸ். இன்றைக்குக் குளிப்பாட்டும் நாள். பூனையின் காலைப் பிடிக்க வாருங்கள் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். "ஒங்க பூனைதானே தங்கச்சி," என்று பத்திரிகையைத் திருப்பினார். மருந்துத் தண்ணீர் சட்டியில் ஆறுகிறது. பூனை எந்தக் காம்பராவில் கிடக்கிறதோ, ஒவ்வொரு கதவாய்த் தட்டிப் பார்க்க வேண்டும்.