கண்கட்டும் கமான் பட்டையும்

தொண்ணூற்று நான்காம் ஆண்டு வைகாசியில் கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து தொண்டாமுத்தூருக்கு நாங்கள் மேற்கொண்ட பயணம் ஏறக்குறையப் பதினைந்து கிலோமீட்டர்தான். அதனினும் நெடிய பயணத்தை நான் அறியேன். என் மனைவி சரசுவதியின் வலக்கண்ணில் புரை நீக்கித் தையலிட்டிருந்தார்கள். இடக்கண்ணில் முன்பே பார்வையில்லை. “குலுங்கக் கூடாது, தையல் பிரிந்தால் ஆபத்து” என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பினார்.

காலை பத்து மணி. முகூர்த்த நாளாகையால், பேசிவைத்த வாடகைக் கார் கல்யாண வீட்டாரோடு போய்விட்டது. மனைவியின் தம்பி பழனிச்சாமி, தேங்காய் ஏற்றும் தன் டெம்போவைக் கொணர்ந்தான். முன்னிருக்கையின் நடுவில் அவளை அமர்த்திக்கொண்டோம். லாலி ரோடு தாண்டுமுன்னரே ஒவ்வொரு பள்ளமும் எங்களைத் தூக்கிப் போட்டது. அவள் என் கையை இறுகப் பற்றினாள்.

“மெதுவாப் போ மாப்ளே!” என்றேன்.

“நடந்து போறவனே நம்மளை முந்தறானுங்க மாமா. இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுபோயிருமுங்க.”

கட்டுப்போட்ட கண்ணோடு அவள் கேட்டாள்: “ஏண்டா பழனி, போன மாசம் தேங்காய் லோடோட வந்தப்ப தொட்டில்ல போட்டாப்புல இருந்துச்சு. இன்னைக்கென்ன இந்தக் குதி குதிக்குது?”

அவன் வண்டியை ஓரங்கட்டினான். மிகுந்த பாரம் தாங்கவேண்டி, எங்கள் பக்கத்து வண்டிக்காரர் பலரையும்போல அவனும் கமானில் கூடுதல் பட்டைகள் சேர்த்திருந்ததை அப்போதுதான் சொன்னான். அச்சின்மேல் வில்லாக வளைத்து அடுக்கிய எஃகுப் பட்டைகளே கமான். சக்கரம் மேடேறுகையில் அவை வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், பின்னர் நிமிரும். பட்டை கூடிப் பாரம் குறைந்தாலோ, அவை வளைய மறுத்து அதிர்ச்சியை அப்படியே மேலே அனுப்பிவிடும்.

“அப்பப் பாரம் ஏத்து. கண்ணைக் கட்டிக்கிட்டு நான்தான் சொல்லோணுமா?” என்றாள்.

வடவள்ளித் தீவனக் கடையில், எங்கள் ஊருக்கு அனுப்பவேண்டிய புண்ணாக்கு மூட்டைகள் காத்திருந்தன.

“ஏனுங்க, ஆஸ்பத்திரியிலிருந்து வாரப்பவா லோடு ஏத்தறீங்க?” என்று கடைக்காரர் திகைத்தார்.

“அவளுக்கு இதுதான் மருந்துங்க” என்றேன்.

பழனிச்சாமி மூட்டைகளை முன்பக்கம் தள்ளி அடுக்கினான். வண்டி தாழ்ந்தது. அடுத்த பள்ளத்தில் மெல்ல இறங்கி, மெல்ல எழுந்தது; அவ்வளவே. சற்று நேரத்தில் அவள் தம்பியின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். நானோ வீடு வரும்வரை சாலையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மூன்றாம் நாள் உள்ளூர் மருத்துவர் கட்டை அவிழ்த்தார். தையல் பிரியவில்லை. அவள் இமைகளைச் சிமிட்டி என்னை உற்று நோக்கினாள்.

“ஏனுங்க, மூணு நாளாச் சவரமே பண்ணலீங்களா? பாக்கவே சகிக்கலை.”

பல ஊர்களுக்குச் சென்று திரும்பியவன் நான். வீடு வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவ்வளவு நிச்சயமாக வேறெப்போதும் உணர்ந்ததில்லை.