அத்தை கழற்றாத ஊக்கு

அன்பியச் சகோதர சகோதரிகளே, கடவுளின் சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக. நான் ஸ்டெல்லா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். பதினான்கு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒரு நன்றியை இப்போதுதான் சொல்ல வந்திருக்கிறேன்.

போன அக்டோபரில், ஜெபமாலை மாதத்தின் இரண்டாவது வாரம், என் ஒரே மகள் ஷெரினுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயது. மழையில் நனைந்திருப்பாள் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் எழுந்து உட்காரவே முடியவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் டெங்கு என்றார்.

"பிளேட்லெட் வேகமா குறையுதும்மா. இன்னிக்கே சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. அங்க வசதி ஜாஸ்தி."

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூட வேன் பத்து நிமிடம் தாமதமானால் தெருமுனைக்கு ஓடுகிறவள். ஆம்புலன்ஸில் ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். சிப்காட்டில் வேலை பார்க்கும் என் கணவர் சேவியர், கம்பெனிச் சட்டையோடு சாலையில் நின்று ஏறிக்கொண்டார். ஆலப்பாக்கம் தாண்டும்போது என் விரல் தானாகவே போனில் ஒரு நம்பரைத் தேடியது. அது என் மாமியாரின் நம்பர். வீட்டில் எது நடந்தாலும் முதலில் அவரிடம்தான் சொல்வேன். அவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு அழுதேன்.

என் மாமியார் லூர்து மேரியை உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்துதான் அடுப்பைப் பற்ற வைப்பார். சாம்பார் கொதிக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். அதிகம் பேச மாட்டார், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டி வைப்பது நம் பெண்களுக்கு வழக்கம்தான், அவசரத்துக்கு உதவும். அத்தைக்கு அது வேறு விஷயம். யாராவது "எனக்காக வேண்டிக்கோங்க" என்று கேட்டால் ஒரு ஊக்கை எடுத்துச் சரட்டில் மாட்டுவார். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு ஊக்காகத் தொட்டு, அவரவர் பெயரைச் சொல்லி ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்வார். கேட்டது கிடைத்தது என்று அவர்களே வந்து சொன்னால்தான் கழற்றுவார். கழற்றியதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்.

"எடுத்துட்டுப் போய் சேலைல குத்திக்கோ. இனிமே இதுக்கு இங்க வேலையில்ல."

மீன் விற்க வரும் தனம் அக்கா நம் கோயிலுக்கு வருகிறவர் இல்லை. கடலுக்குப் போன அவர் கணவர் சொன்ன நாளில் திரும்பாதபோது அவரும் அத்தையிடம்தான் வந்தார். கணவர் கரை சேர்ந்ததும் கூடை நிறைய மீனோடு வந்து ஊக்கை வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் வந்து சொல்லாதவர்கள்தான் அதிகம். வேலை கிடைத்திருக்கும், நோய் குணமாகியிருக்கும், அத்தையை மறந்திருப்பார்கள். கோயிலில் அவர்கள் சிரித்துப் பேசுவதைப் பார்த்தாலும் அத்தை ஊக்கைக் கழற்ற மாட்டார். "அத்தை, உங்க கழுத்துல தங்கத்தவிட இரும்புதான் ஜாஸ்தி" என்று நான் கிண்டல் செய்வேன்.

"அவுங்க வாயால சொல்லட்டும்மா. முடிஞ்சிடுச்சின்னு நம்மளா நெனச்சி நிறுத்திட்டா, உள்ளுக்குள்ள இன்னும் என்ன கஷ்டம் இருக்கோ, யாருக்குத் தெரியும்?"

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவரைக் குளிப்பாட்டிய பெண்கள் சரட்டிலிருந்து பதினொரு ஊக்குகளைக் கழற்றினார்கள். என் மாமனார் அவற்றை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டார். அதைப் பற்றி நான் அதற்குமேல் யோசிக்கவில்லை.

சிதம்பரத்தில் ஷெரினுக்கு மணிக்கொரு தரம் எதையாவது பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவள் நெற்றியைத் தொட்டேன். சூடே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே நம் அன்பிய ஜெபக்குழுப் பெண்களுக்குப் போன் போட்டு, ஜெபம் கேட்கப்பட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்னேன். சேவியரை வேலைக்குக்கூட அனுப்பிவிட்டேன்.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். நான் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"காய்ச்சல் விடும்போதுதாம்மா இதுல ஆபத்து. பிளேட்லெட் இருபதாயிரத்துக்கு வந்துடுச்சி. வயித்து வலி, ரத்தக் கசிவு எது இருந்தாலும் உடனே கூப்பிடுங்க. இன்னும் ரெண்டு நாள் தாண்டணும்."

குழந்தையின் பல் ஈறையும் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொசு கடித்த தடம்கூட இரத்தக் கசிவாகத் தெரிந்தது. ஜெபமாலையை எடுத்தால் பத்து மணிகளைக்கூட உருட்டி முடிக்க முடியவில்லை, மனம் எங்கோ ஓடியது. அத்தை இருந்திருந்தால் அவர் பார்த்துக்கொண்டிருப்பார், எனக்கு யாரும் இல்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

மதியம் மாமா கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். கஞ்சித் தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, பேத்தியின் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு வராண்டா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து அந்த மாத்திரை டப்பாவை எடுத்தார்.

"அவ போனதுலேர்ந்து இதுக்கெல்லாம் நான்தான் சொல்லிட்டு இருக்கேன். அத்தன பேரும் எனக்கு மனப்பாடம். ஷெரினுக்குப் புதுசா ஒண்ணு போடணும். உங்கிட்ட ஊக்கு இருந்தா குடும்மா."

நான் கொடுத்தேன். மாமா டப்பாவைக் கிளறி வேறொரு ஊக்கை எடுத்துக் காட்டினார். மற்றவற்றைவிட அது பளபளவென்று தேய்ந்திருந்தது.

"இதுதான் எல்லாத்தவிட பழசு. உன்னோடது."

எனக்கு எதுவும் புரியவில்லை. நான் எப்போது கேட்டேன்?

"ஷெரின் வயித்துல இருந்தப்ப நீ வந்து கேட்டியாமே. மனசுல ஒரு கருத்து இருக்கு, அது நிறைவேறணும்னு வேண்டிக்கோங்க அத்த, என்னான்னு மட்டும் கேக்காதீங்கன்னு. அவளும் கேக்கல. ஸ்டெல்லா கருத்துக்காகன்னு தெனமும் சொல்லுவா. பெரிய வியாழன், கிறிஸ்மஸ் வந்தா எங்கிட்ட கேப்பா, அவ ஏதாவது சொன்னாளான்னு."

எல்லாம் ஞாபகம் வந்தது. ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் ஏதோ புள்ளி தெரிகிறது, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார்கள். அத்தைக்கு அப்போது இரத்தக் கொதிப்பு. சொன்னால் தாங்க மாட்டார் என்று நானும் சேவியரும் மறைத்தோம். காரணத்தைச் சொல்லாமல் வேண்டுதலை மட்டும் கேட்டேன். அடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஷெரின் நல்லபடியாகப் பிறந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அத்தையிடம் கேட்டது எனக்கு மறந்தே போய்விட்டது. என்ன கருத்து என்றே தெரியாதவருக்கு அது நிறைவேறியது எப்படித் தெரியும்? வந்து சொல்லாதவர்களை வைத்து அத்தையைக் கிண்டல் செய்தேனே, அவர்களில் முதல் ஆள் நான்தான்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் நன்றி கெட்டவ மாமா. அதான் ஆண்டவர் இந்தப் புள்ளைய இப்பக் கேக்குறாரோ" என்றேன். அன்று காலையிலிருந்து உள்ளே குடைந்துகொண்டிருந்த பயம் அதுதான்.

மாமா பஸ் நடத்துநராக இருந்தவர். சத்தமாகப் பேசித்தான் பழக்கம். அன்று மெதுவாகப் பேசினார்.

"பைத்தியம் மாதிரி பேசாத. நாம கும்புடுற சாமி அப்டிப் புடுங்கிக்கிறவரா? நீ சொல்லல, அதனால அவளும் நிறுத்தல. அவ்ளோதான். பதினாலு வருஷமா காலையும் சாயங்காலமும் இந்தப் புள்ளைக்கு வேண்டுதல் போயிட்டே இருந்திருக்கு. யாருக்குன்னு அவளுக்கே தெரியாது. இன்னிக்குக் காலைலகூட நான் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன்."

நான் அந்த ஊக்கை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். என்னால் ஜெபம் சொல்ல முடியவில்லை என்று தவித்தேனே, எனக்கு முன்பே எனக்காகச் சொல்லி வைத்திருந்தார்கள். ஷெரின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடேயே உட்கார முடிந்தது.

மறுநாள் பிளேட்லெட் குறையவில்லை. அதற்கு அடுத்த நாள் டாக்டரம்மா தாளைப் பார்த்து, "ஏற ஆரம்பிச்சிடுச்சிம்மா" என்றார். ஷெரின் இட்லி கேட்டாள். டாக்டர்களும் நர்ஸுகளும் கண் துஞ்சாமல் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களை அங்கே வைத்திருந்தவருக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அத்தையின் கல்லறையைக் கழுவி, செவ்வந்திப் பூ போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஷெரினை முன்னால் நிறுத்தினேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். வெட்கப்படாமல் வாய்விட்டே சொன்னேன்.

"அத்த, அந்தக் கருத்து நிறைவேறிடுச்சு. இதோ நிக்கிறா."

மாமா அந்தப் பழைய ஊக்கை வாங்கி ஷெரினின் துப்பட்டாவைத் தோளில் சேர்த்துக் குத்திவிட்டார். "இனிமே இதுக்கு இங்க வேலையில்ல" என்றார். அத்தை சொல்வது போலவே இருந்தது. மூன்று பேரும் அழுதோம்.

ஷெரினுக்காகப் போட்ட புது ஊக்கையும் அன்றே என்னிடம் கொடுத்துவிட்டார். மற்ற பத்தும் இப்போது என் தாலிச் சரட்டில் இருக்கின்றன. பெயர்களை மாமா சொல்லிக் கொடுத்தார். முன்பு ஓரிடத்தில் உட்காராமல் பயந்துகொண்டே ஓடியவள், இப்போது காலையில் கால் மணி நேரம் உட்காருகிறேன். அத்தையிடம் எப்போதோ வேண்டிக்கொள்ளச் சொன்னவர்கள் இதைப் படித்தால், உங்களில் யாருக்காவது கேட்டது கிடைத்திருந்தால், மஞ்சக்குப்பத்துக்கு ஒரு நடை வந்து சொல்லுங்கள். உங்கள் ஊக்கைக் கழற்றித் தருகிறேன். இன்னும் கிடைக்காதவர்கள் மனம் விடாதீர்கள், ஆண்டவரை நம்பிக் கேட்டுக்கொண்டே இருங்கள். யாருமே வராமல் மறந்துவிட்டாலும் பரவாயில்லை. இன்று காலையும் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.