வெட்டித் தைக்க முடியாத சைக்கிள்

ஷீஜாவால் நினைத்த இடத்தில் சைக்கிளை நிறுத்த முடியாது. திருவட்டாறிலிருந்து சானல் கால்வாயின் கரையோடு போகும் பாதையில் அவளுக்கு நிற்கத் தோதான இடங்கள் சில இருந்தன. முதல் பாலத்தின் கைப்பிடிச் சுவர், அதைத் தாண்டினால் ஒரு மைல்கல், சபைக் கட்டிடத்தின் வெளிப்படி, ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் யாரோ கொண்டுபோட்ட உடைந்த ஆட்டுக்கல். இவற்றில் ஒன்றில் இடது காலை ஊன்றினால்தான் இறங்க முடியும். நடுவழியில் தெரிந்தவர்கள் கைகாட்டினால் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். கெல்ஃப் சைக்கிள் வந்ததும் தலைக்கனம் கூடிவிட்டது என்று இரண்டு மூன்று வீட்டில் பேச்சு இருந்தது. கால் எட்டவில்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லவா முடியும்?

சைக்கிள் நல்ல சைக்கிள்தான். அவளுடைய வீட்டுக்காரர் எபிசன் கத்தாரில் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டுகிறார். அங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனதை எபிசன் வாங்கிக் கப்பலில் போட்டுவிட்டார். வானத்தின் நிறம். விரல் தடிமனுக்கு மெலிந்த இரும்புக் குழாய்கள். ஆட்டுக்கடாவின் கொம்பு போல வளைந்து இறங்கும் ஹேண்டில். இரும்பு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு கையால் தூக்கி வீட்டுக்குள் வைக்கலாம்.

அதற்கு முன் ஷீஜாவிடம் இருந்தது ஒரு பழைய லேடீஸ் சைக்கிள். அதை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். குலசேகரம் பக்கம் போகப் போக ஏற்றம். அவளுடைய வேலையோ ஒரு பராமரிப்பு நிலையத்துக்காக வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிப்பது. ஒருத்தரைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, அடுத்த வீட்டுக்கு ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவாள். போய்ச் சேரும்போதே கை ஓய்ந்திருக்கும். ஸ்கூட்டர் என்றால் பயம். ஒருமுறை விழுந்து முட்டி பெயர்ந்தது. நீலச் சைக்கிள் வந்த அன்று, மூச்சு வாங்காமல் முதல் ஏற்றத்தை ஏறியபோது, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய சைக்கிளைப் பக்கத்து வீட்டு ராகேல் அக்காவின் மகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

பெரிதாக இருக்கிறது என்று முதல் நாளே தெரியும். ஆனால் எபிசன் அனுப்பும் எல்லாமே பெரிதாகத்தான் இருக்கும். கல்யாணம் கழிந்து முதல் பெட்டி வந்தபோது மாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வெயில்ல கெடந்து வாங்கி விட்டிருக்கான். அளவு பத்தல, கூடுதல்ன்னு ஒண்ணும் பறஞ்சிராத" என்று சொல்லியிருந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன, அந்தச் சொல் நின்றது. சுடிதாரை ராகேல் அக்கா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துத் தருவாள். செருப்பின் நுனியில் பஞ்சு வைத்துக்கொள்வாள். கேட்டால், "நல்லா இருக்கு" என்பாள்.

சைக்கிளையும் அப்படித்தான் பார்த்தாள். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினாள். அப்புறமும் பெடல் கீழே போகும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ஹேண்டிலைப் பிடிக்க, பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுப்பதுபோல எட்ட வேண்டியிருந்தது. உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் வந்து நின்றது. சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது. அதெல்லாம் வேலை பார்க்கிற உடம்பு என்று விட்டுவிட்டாள். மழை தொடங்கிய மாதத்தில் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் உதறினால் சரியானது. பிறகு உதறினாலும் சரியாகவில்லை.

ராஜையன் வீட்டில்தான் அது வெளியே வந்தது. அவர் பக்கவாதத்தில் விழுந்து கிடப்பவர். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மனைவி செல்லபாய் வெந்நீர் கொண்டுவைத்தாள். ஷீஜா எப்போதும்போலக் கையின் சுண்டுவிரல் ஓரத்தைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். சூடு பாகமாகத்தான் தெரிந்தது. துணியை முக்கிப் பிழிந்து நல்ல காலில் வைத்தாள்.

"எம்மோ!" ராஜையன் அலறினார். "ஏட்டி, என்னைய மரச்சீனிக் கெழங்குன்னா நெனச்ச, அவிச்சு எடுக்கதுக்கு?"

செல்லபாய் ஓடிவந்து தண்ணீரில் விரலை விட்டு உடனே இழுத்துக்கொண்டாள். "இது என்ன சூடு! நீ கைய விட்டுப் பாத்தியா, மக்கா?"

"பாத்தேன், மாமி."

கால் சிவந்திருந்தது, கொப்புளம் வரவில்லை. ஷீஜா பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவருடைய மரத்துப்போன மற்றக் கால் அதன் பக்கத்திலேயே கிடந்தது. துணியை அந்தக் காலில் வைத்திருந்தால் அவரும் கத்தியிருக்கமாட்டார், தனக்கும் தெரிந்திருக்காது, தோல் உரிந்திருக்கும் என்று நினைத்து இன்னொரு செம்பு ஊற்றினாள்.

"ஆபீசுல சொல்லப்பிடாது, மாமி" என்றாள், வெளியே வந்து.

"நான் சொல்லமாட்டேன். அங்க கெடக்க வானொலி சொல்லாம இருக்கணும்."

அவரும் சொல்லவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை அவளோடு வரும் நிலையத்து டாக்டரம்மா அவள் கையை உதறுவதைப் பார்த்துவிட்டார். விரல்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். முற்றத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ளங்கை நரம்பு நசுங்குது. சைக்கிளைச் சரி பண்ணு, இல்லேன்னா விடு. இப்படியே போனா விரல் மெலிஞ்சிரும். அப்புறம் இந்த வேலை செய்ய முடியாது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னார்.

மார்த்தாண்டத்தில் பிபின் என்ற பையன் பந்தயச் சைக்கிள்களைச் சரிபார்க்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனாள். கடையில் ஒரு தாங்கியில் சைக்கிளை நிறுத்தி அவளை ஏற்றி ஓட்டச் சொன்னான். ஓடாத சைக்கிளில் உட்கார்ந்து மிதிப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவன் எதுவும் பேசாமல் சுற்றி வந்தான். நூலில் ஒரு நட்டைக் கட்டி அவள் முட்டியிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தான். சீட்டை முன்னால் தள்ளினான். ஹேண்டிலைத் தாங்கும் துண்டைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே குட்டையான ஒன்றைப் போட்டான். மறுபடி ஏறச் சொன்னான். மறுபடி சுற்றி வந்தான்.

"எக்கா, இனி மாத்ததுக்கு ஒண்ணும் இல்ல. ஃபிரேமே பெருசு."

"கொஞ்சம் வெட்டி ஒட்ட முடியாதா, மக்கா? இரும்புதானே?"

"சுடிதாராக்கா இது, பிடிச்சுத் தைக்கதுக்கு?" சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "நல்ல சாமானம். கெடுக்கப்பிடாது. பனை மாதிரி ஒரு ஆளு இதே மாதிரி ஒண்ணு கேட்டுட்டு நடக்கார். எங்கிட்ட சின்ன ஃபிரேம் சைக்கிள் ஒண்ணு கெடக்கு. இரும்புதான், இதே கனம்தான். மாத்திக்கிடுங்க."

உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை உருட்டிவந்தான். அங்கங்கே பெயிண்ட் உதிர்ந்திருந்தது. அவளைச் சுவரோரம் நிற்கச் சொல்லிக் கால் உயரத்தை அளந்து, சீட்டையும் ஹேண்டிலையும் நேரம் எடுத்துச் சரிபார்த்துக் கொடுத்தான். ஷீஜா அதில் ஏறித் தெருமுனை வரைக்கும் போனாள். கை எட்டிப் பிடிக்கவில்லை, தானாகப் போய் விழுந்தது. முதுகு எங்கே இருக்கிறது என்ற நினைவே இல்லை. முனையில் ஒரு வேன் குறுக்கே வந்தது. அவள் பிரேக் பிடித்தாள். கால் தரையில் நின்றது. சுற்றிலும் சுவர் இல்லை, கல் இல்லை, வெறும் ரோடு. வேன் போனபிறகும் அவள் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

திரும்பி வந்து, "வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

கேட்பதுதான் அவளால் முடியாத காரியம். சொல்லாமல் மாற்றவும் வழியில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடியோவில் எபிசன் அவளைக் கேட்பதற்கு முன் சைக்கிளைத்தான் கேட்பார். அறையில் கூட இருப்பவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்.

அந்த வெள்ளிக்கிழமையும் கேட்டார். அவள் போனைச் சைக்கிள் பக்கம் திருப்பவில்லை.

"இஞ்ச பாருங்க. ஒண்ணு சொல்லணும். கோவப்படப்பிடாது."

"சொல்லு."

"சைக்கிள் எனக்குப் பெருசு."

"சீட்ட எறக்குட்டி."

"எறக்கியாச்சு. எல்லாம் எறக்கியாச்சு. இனி நான்தான் வளரணும்."

"இவ்வளவு நாளு ஓட்டின? அப்பமெல்லாம் நல்லா இருக்குன்ன?"

அவள் விரலைச் சொன்னாள். ராஜையன் காலைச் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். மார்த்தாண்டத்துப் பையன் அளந்து பார்த்து மாற்றித் தருவதாகச் சொன்ன சைக்கிளையும் சொன்னாள்.

"அப்பம் அந்தக் கறுப்புச் செருப்பு?" என்றார் எபிசன்.

"பஞ்சு வச்சேன்."

"மெரூன் சுடிதார்?"

"ராகேலக்கா பிடிச்சுத் தந்தா."

"மழைக்கோட்டு?"

"அது நல்லா இருக்கு. நானும் நனையமாட்டேன், சைக்கிளும் நனையாது."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். எபிசன் எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றார். முகத்தில் வெயில் அடித்தது. நெற்றி முன்னைவிட ஏறியிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"கல்யாணப் படம் எனக்க கட்டில் பக்கத்துல ஒட்டியிருக்கேன். அதுல நீ எனக்க காது மட்டுக்கு நிக்க. கடையில போனா காதுல கைய வச்சுக் காட்டுவேன், இவ்வளவு பொக்கம்னு. எஞ்சினியர் சாயிப்புக்க சைக்கிளையும் அப்படித்தான் பாத்தேன். எனக்குக் கொஞ்சம் சின்னதுன்னா உனக்குச் சரியா இருக்கும்னு."

ஷீஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோபோலவும் இருந்தது. "ஃபோட்டோக்காரன் எனக்க காலுக்கடியில பலகை போட்டிருந்தான். சேலை மறச்சுக்கிட்டு."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!"

"நீங்க மாலையைச் சரி பண்ணிட்டு நின்னிய. சரி, படத்த விடுங்க. லீவுல வரும்போ கண்ணு எங்க போச்சு?"

"லீவுல வந்தா நீ எங்கட்டி ஒரு இடத்துல நின்ன? நீ ஓடிட்டுல்லா கெடந்த?"

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். அவர் வரும்போதும் அவளுக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் இருந்தன. வீட்டுக்கு வந்தால் விருந்துச் சமையல். போகிற அன்று ஏர்போர்ட்டில்தான் இரண்டு பேரும் சும்மா நிற்பார்கள், நடுவில் பெட்டி இருக்கும்.

"அந்தப் பையன் எப்படி அளந்தான்?" என்று கேட்டார்.

"செவுத்துல சாஞ்சு நிக்கணும். கட்டி அட்டை போட்ட புஸ்தகத்தக் காலுக்கு நடுவுல மேல வரைக்கும் வச்சு, அதுக்க மட்டத்துல கோடு போடணும்."

"இப்பம் போடு. நான் பாக்கட்டு."

கட்டி அட்டை போட்ட புத்தகம் என்று வீட்டில் இருந்தது ஒன்றுதான். அவள் அலமாரிப் பக்கம் திரும்பியதும் போனிலிருந்து சத்தம் வந்தது. "ஏட்டி, வேதபுஸ்தகத்தையா எடுக்கப்போற?"

"கர்த்தாவே! எடுப்பனா? வெத்தில வச்சிருக்கேனான்னு பாத்தேன்."

"வெத்திலயா?"

"இல்ல, இல்ல. பென்சிலுன்னு சொல்லவந்தேன். நீங்க பதறவச்சா வாயி கொளறுது."

காய் நறுக்கும் பலகையைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தாள். போனை நாற்காலியில் சாய்த்துவைத்து, சுவரோடு முதுகை ஒட்டி நின்று கோடு போட்டாள். பிறகு விலகி நின்றாள். வெள்ளைச் சுவரில் அந்தக் கோடு அவள் நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் எபிசன்.

"இவ்வளவுதான்."

அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். "மாத்திக்கோ" என்றார். "மத்தது என்ன கலரு?"

"சாம்பல்."

"நீலம் நல்லா இருந்தது."

"நல்லாத்தான் இருந்தது."

"செருப்புக்கு நம்பர் சொல்லு. இந்தத் தடவ ஒழுங்கா வாங்குதேன்."

அவள் காலில் கிடந்ததைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். நம்பர் தேய்ந்திருந்தது. தேயாவிட்டாலும் அது அவர் வாங்கியது, அவளுடைய நம்பர் அல்ல. கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று செருப்பு வாங்கியதில்லை.

"தெரியல" என்றாள். "அளந்து சொல்லுதேன்."

திங்கட்கிழமை சாம்பல் சைக்கிளில் போனாள். முதல் பாலம் வந்ததும், யாரும் கூப்பிடாமலே, கால் பழக்கத்தில் சுவரைத் தேடிப் போனது. அதை அவள் திருத்தவில்லை. சுவரில் காலை வைத்துக்கொண்டு நின்றாள். சானலில் தண்ணீர் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் மாறியதால் அலுப்பு போய்விடவில்லை. உடம்பில்தான் கிடந்தது.

மழை நின்று கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, ராஜையன் வீட்டில் செல்லபாய் வெந்நீரைக் கொண்டுவைத்துவிட்டு வழக்கம்போல ஒதுங்காமல் அங்கேயே நின்றாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தண்ணீரை அவள்தான் தொட்டுப் பார்க்கிறாள்.

"நான் பாக்குதேன், மாமி" என்றாள் ஷீஜா. கையின் ஓரத்தை மெல்ல விட்டாள். மோதிரவிரலில் சுள்ளென்றது. சுண்டுவிரலில் இன்னும் ஒன்றுமில்லை.

"சூடு கூடுதல். கொஞ்சம் பச்சத் தண்ணி விடுங்க."

"பாத்து விடு" என்றார் கட்டிலிலிருந்து ராஜையன், மனைவியிடம். "அவளுக்கு நல்ல கால் எதுன்னு இப்பமும் ஞாபகம் இருக்கு."

செல்லபாய் ஒரு செம்பு ஊற்றினாள். ஷீஜா மறுபடி கையை விட்டாள். இந்தமுறை மோதிரவிரலில் பாகமான சூடு தெரிந்தது, எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.