அம்மா சொல்லாத வரி

எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஜெபமாலையிலும் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. ஆளுக்கு ஒரு பத்து என்று நைனா பிரித்துக் கொடுத்திருந்தார். முதல் பத்து அவருக்கு, இரண்டாவது அம்மாவுக்கு, மூன்றாவது அண்ணனுக்கு, நான்காவது எனக்கு. ஐந்தாவது தங்கைக்கு, அது வருவதற்குள் அவள் பெரும்பாலும் தூங்கி வழிவாள். அண்ணன் பசி பொறுக்காதவன். அடுப்படியிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்துவிட்டால் அவனுடைய பத்தில் மாதாவுக்கே மூச்சு முட்டியிருக்கும், அவ்வளவு வேகம். நைனா கண்ணை மூடியபடியே அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்.

இராயபுரத்தில் எங்கள் சந்தில் நைனாவுக்குத் தனி மரியாதை. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலைதான், ஆனால் குரல் அப்படி. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஜெபம் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். அழுகிறவர்களிடம், "ஆண்டவர் சித்தம், இன்னா பண்றது" என்பார். அவர் சொன்னால் அழுகை அடங்கும் என்று பேர். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அண்ணனுக்குத் துறைமுகம் பிடிக்கவில்லை. தையல் கற்றுக்கொள்ள ஆசை. வண்ணாரப்பேட்டையில் ஒரு பாயின் தையல் கடைக்கு அம்மாவே போய்ப் பேசி, சேர்த்துக்கொள்வதாக வாக்கும் வாங்கி வந்தாள். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பள புள்ள ஊசியும் நூலும் வெச்சிகினு குந்திகினு இருப்பானா?" என்று சொல்லி மறுநாளே தன்னோடு வேலைக்கு அழைத்துப் போனார். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அந்த மழைக்காலம் முடிவதற்குள், கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து, மூட்டைகள் அண்ணன் மேல் விழுந்தன. வீட்டுக்கு உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

சொந்தப் பிள்ளையின் சவத்துக்குப் பக்கத்திலும் நைனாதான் ஜெபம் சொன்னார். குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை. வந்தவர்களுக்கெல்லாம், "ஆண்டவர் சித்தம்" என்றார். "இன்னா விசுவாசம்யா இந்த மன்சனுக்கு!" என்று சந்தே மூக்கின் மேல் விரல் வைத்தது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், சாயங்காலக் கோயில் மணி அடித்ததும் வழக்கம்போல முழங்காலில் நின்றோம். நைனா தன் பத்தை முடித்தார். அம்மா என்னைப் பார்த்து, "என்னுத நீ சொல்லு" என்றாள். சொன்னேன். மூன்றாவதை நைனா எடுக்கப் போனார்.

"அத்த வுடு. அது அவனுது" என்றாள் அம்மா.

ஒரு பத்தை விட்டாலும் ஜெபமாலை ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், அதை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து முடித்துக்கொண்டார். அதுவரை நாங்கள் சும்மா நின்றோம். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

அம்மா எந்தப் பத்தையும் தொடங்குவதில்லை, பதில் மட்டும் சொல்வாள். துக்கத்தில் குரல் எழும்பவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு பத்துக்கும் முதலில் பரலோக மந்திரம் சொல்ல வேண்டும். அதில் முன்பாதி தொடங்குகிறவருக்கு, பின்பாதி மற்றவர்களுக்கு. 'உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக' என்று கேட்கிற வரி முன்பாதியோடு முடிந்துவிடும். பின்பாதியில் வரும் அன்றாட அப்பத்தை எல்லோரோடும் சேர்ந்து கேட்கலாம், அந்த ஒரு வரியை மட்டும் சொல்லாமலே காலம் தள்ளலாம். அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

நைனாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் ஆரம்பித்த வாரம், சாப்பிடும்போது கேட்டே விட்டார். "ஆண்டவர் சித்தத்துக்குப் பணியாத வாயி இன்னா வாயி? நாலு பேர் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆண்டவரே சிலுவைல சாவறதுக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல முயங்கால் போட்டு மூணு வாட்டி கேட்டாரு, இந்தக் கஷ்டம் வாணாம்னு. ரத்தமா வேர்த்துச்சு அவருக்கு. எனுக்கு மட்டும் ஒரே வாட்டில வந்துடணுமா?"

நைனா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அம்மா விடவில்லை. "புள்ளைய இட்டுகினு போனது உன் சித்தம். அத்த அவர் தலையில கட்டாத."

நைனா பாதிச் சோற்றில் எழுந்து போனார். எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரே மெச்சுகிற மனுஷனை இப்படிப் பேசுவாளா என்று இருந்தது. இன்று நினைத்தால், அந்த வீட்டில் ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு நைனா சாவு வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கூப்பிட வந்தவர்களிடம் இருமல் என்று சாக்குச் சொன்னார். வேலை விட்டு வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். அம்மாவும் அவரும் நேருக்கு நேர் பேசவில்லை. "சோறு போடட்டுமான்னு உங்க நைனாவ கேளு" என்பாள் அம்மா, அவர் ஒரு முழத் தூரத்தில் இருக்கும்போதே. எனக்கு இரண்டு பேரையும் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாவது பத்தை நான் முடித்தேன். நைனா வழக்கம்போல முணுமுணுக்கத் தலையைக் குனிந்தார். அப்போது அம்மாவின் குரல் கேட்டது. அண்ணனுடைய பத்தை அவள் தொடங்கியிருந்தாள். 'உம்முடைய சித்தம்' வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். "சாமி, எனுக்கு மன்சு வர்ல. வாயால சொல்றேன். மன்ச நீதான் குடுக்கணும்" என்றாள். பிறகு அந்த வரியை முழுதாகச் சொல்லி முடித்தாள்.

பின்பாதியை எப்போதும் நைனா எடுப்பார், அவர் குரலைப் பிடித்துக்கொண்டு நாங்கள் தொடர்வோம். அன்று அவர் எடுக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். அவர் சொல்ல வேண்டியதையும் அவளே சொன்னாள். 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்ற இடம் வந்தபோது அவள் மாதா படத்தைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தாள்.

நைனா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தரையோடு குனிந்துவிட்டார். "நான்தான் இட்டுகினு போனேன், ஆண்டவரே. அவன் வர்லன்னுதான் சொன்னான். நான்தான் இட்டுகினு போனேன்." ஊரார் கேட்டுப் பழகிய குரலே இல்லை அது. அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அம்மா அவர் முதுகில் கை வைத்தாள். அந்தக் கையை எடுக்காமலே, மற்றக் கையால் மணியை நகர்த்தி, மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரத்தை ஆரம்பித்தாள். நாங்கள் மூன்று பேரும் பதில் சொன்னோம். மூன்றில் நைனாவின் குரல்தான் மிகவும் தணிந்திருந்தது.