பிடுங்கிய புல்

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். தேயிலை மலையில் நாற்பது வருடம் புல் வெட்டியவள்.

நான் போகும் நுவரெலியா பஸ் இறம்பொடைக்குக் கீழே பழுதாகி நிற்கிறது. வீதியோர வயலில் ஒரு பாத்தியில் மட்டும் நெல்லை மூடிப் புல் மண்டிக் கிடக்கிறது. கை சும்மா இருக்கவில்லை. குனிந்து ஒரு பிடி பிடுங்குகிறேன்.

வயல்காரப் பெண் ஓடி வருகிறாள். “ஐயோ பாட்டி, கை வைக்காதீங்க! களை எடுக்காட்டி நெல்லு எவ்வளவு கொறையுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க பாக்குறாங்க.”

“ஒன் வீட்டுச் சோறுல்ல கொறையுது?”

“இத கெடுத்தா அடுத்த போகத்துக்கு வெதநெல்லு தரமாட்டாங்க.”

நான் பிடுங்கிய புல்லை அவள் ஒவ்வொன்றாகச் சேற்றில் திரும்ப நடுகிறாள். அது நிற்காமல் சாய்கிறது. பஸ் சரியாகி ஹோர்ன் அடிக்கிறது; மன்னிப்புக் கேட்காமலே ஏறிவிடுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தியிடம் கேட்கிறேன்: “பிடுங்குனது நான்தான்னு எழுதிட்டியா? வாசிச்சுக் காட்டு.”