சரக்கறைப் புறாக்கள்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு பலசரக்குக் கடையின் சரக்கறையில், சட்டப்படி பதிவில்லாமல், நான்கு வருடம் மூட்டை தூக்கினேன். கூரைக் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. அதன் வழியே புறாக்கள் வந்து இரும்புச் சட்டங்களில் கூடு கட்டின. அரிசி மூட்டைகளிலும் படிகளிலும் எச்சமிட்டன. முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"புறாதானே தம்பி, அது என்ன செய்யும்?" என்றார்.

ஒரு மழைநாள் சிவப்புப் பச்சையரிசி மூட்டையோடு இறங்கும்போது, ஈரமான எச்சத்தில் கால் வழுக்கியது. ஆறு படி உருண்டேன். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரிலேயே முதலாளி சொன்னார்: "வீட்டில விழுந்தனான் எண்டு சொல்லு. இல்லாட்டி ரெண்டு பேருக்கும் கரைச்சல்."

அப்படியே சொன்னேன். கைக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள். திரும்பிப் போனபோது என் இடத்தில் வேறொருவர் நின்றார்.

வில்லியே லே பெல் புறநகரில் வேலையில்லாமல் வீட்டு ஜன்னலோரம் இருந்த மாதங்களில், ஒரு புறாவைக் கண்டாலே பல்லைக் கடிப்பேன். முதலாளியைத் தொட முடியாது, புறாவைத் தொடலாம். எலி, கரப்பான், பறவைத் தொல்லை ஒழிக்கும் ஒரு சிறு கொம்பனி ஆள் தேடுகிறது என்று தெரிந்த அன்றே அங்கே போய் நின்றேன்.

கட்டடங்களுக்குள் குடியேறிய புறாக்களை, வேறு வழி இல்லாதபோது, அனுமதி எடுத்துக் காற்றுத் துப்பாக்கியால் சுடுவார்கள். எனக்குப் பழக்கியவர் ஒரு போர்த்துக்கல்காரி, என் வயதுதான். சென் தெனியில் ஒரு வெறும் கொட்டகையில் வட்டம் போட்ட அட்டைகளை வைத்துச் சுட விட்டார். ஒவ்வொரு வட்டத்திலும் முதலாளியின் முகத்தை வைத்துக்கொண்டேன். ஒன்றும் படவில்லை.

"நீ சுடவில்லை, ஏசுகிறாய்," என்றார் பிரெஞ்சில்.

தகடு வைத்த கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றிவிட்டார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தவும், விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அமர்த்தவும் பழகினேன். மூன்று மாதத்தில் ஈயக் குண்டுகள் எல்லாம் ஒரு நாணயத்தின் அகலத்துக்குள் விழுந்தன. கோபம் போகவில்லை. அவசரப்படாமல் இருக்கப் பழகியிருந்தது.

முதல் புறாவை ஒரு பழைய தொழிற்சாலையில் சுட்டேன். நெஞ்சில் படவேண்டிய குண்டு செட்டையில் பட்டு, அது நிலத்தில் சுழன்றது. போர்த்துக்கல்காரி ஓடிப்போய்க் கழுத்தைத் திருகினார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. அதை நினைத்து எனக்கே சற்றுப் பயமாக இருந்தது.

போன வருடம் வந்த ஒரு வேலைச் சீட்டில் அந்தப் பழைய சரக்கறையின் விலாசம் இருந்தது. சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து, புறாக்களை அகற்றி எங்கள் அறிக்கையைக் காட்டினால்தான் கடை நடத்தலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலாளி கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தார்.

"தம்பி, நீயோ? கை சுகமோ?"

"ஓம் அண்ணை."

கண்ணாடி அப்படியே உடைந்து கிடந்தது. வெளியே வலை கட்டி, எல்லோரையும் வெளியேற்றிக் கதவைப் பூட்டிவிட்டு, நானும் போர்த்துக்கல்காரியும் சுடத் தொடங்கினோம். காலை முழுவதும் எடுத்தது. ஒவ்வொன்றும் மூட்டைகளின் மேல் தொப்பென்று விழுந்தபோது எனக்கு இனித்தது. அதை வேறு விதமாகச் சொல்ல விரும்பவில்லை. இனித்தது.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது முதலாளி அருகில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உந்தக் கண்ணாடியை நாளைக்கே போடுறன். மூட்டையளைப் பற்றி எழுதாதை தம்பி. நாங்கள் ஒரு ஊர்ச் சனம் எல்லே."

"அண்டைக்கு நீங்கள் சொல்லித் தந்த பொய்யைச் சொன்னனான், அண்ணை. இண்டைக்கு உள்ளதைத்தான் எழுதுவன்."

கண்ணாடி வருடக்கணக்காக உடைந்திருப்பதை, எந்தெந்த மூட்டைகளில் எச்சம் ஊறியிருக்கிறது என்பதை, படிகளில் ஆள் வழுக்கி விழும் என்பதை எழுதினேன். கடைசி வரியின் கீழ் அழுத்திக் கோடிட்டேன். படங்களும் எடுத்து வைத்தேன்.

அறிக்கையைப் பார்த்த பரிசோதகர்கள் பூட்டச் சொன்னதால் கடை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. அரிசியும் மாவும் பருப்பும் குப்பை லொறியில் ஏறுவதை எதிர்ப்பக்கத்தில் நின்று கடைசி மூட்டை வரை பார்த்தேன். லா சப்பல் முழுக்கக் கதை பரவியது. தேநீர்க்கடையில் ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகவே, "தமிழனைக் காட்டிக் குடுத்தவன்," என்றார். பக்கத்தில் இருந்தவர் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் எழும்பவில்லை. பிளேன்டீயை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.